கிரிபாட்டி: நிலம் சிறுத்துக் கடல் விரிந்த குடியரசு

கிரிபாட்டி, பசிபிக் பெருங்கடலின் நடுவே நிலநடுக்கோட்டின் இருபுறமும் சிதறிக் கிடக்கும் 33 தீவுகளைக் கொண்ட குடியரசு. உள்ளூர் உச்சரிப்பில் இப்பெயர் ‘கிரிபாஸ்’ என்று ஒலிக்கும். தலைநகர் தெற்குத் தராவா. மக்கள்தொகை ஏறத்தாழ 1,20,000. நாணயம் ஆஸ்திரேலிய டாலர். பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்ற நாள் 12 ஜூலை 1979.

எல்லாத் தீவுகளையும் ஒன்றுசேர்த்தாலும் நிலப்பரப்பு 811 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் இந்நாட்டுக்கு உரிமையுள்ள பிரத்தியேகப் பொருளாதார மண்டலம் சுமார் 35 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவின் மொத்த நிலப்பரப்பைவிடச் சற்றே பெரியது. உலக வரைபடத்தில் தேடினாலும் கண்ணில் படாத புள்ளிகள் என்று கிரிபாட்டியைப் பற்றி எழுதுவோர் அந்தக் கடலைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இந்நாட்டின் வருமானம், வெளியுறவு, அச்சம் மூன்றுமே அந்தக் கடலைச் சுற்றித்தான் நடக்கின்றன.

நிலமும் நீரும்

தீவுகள் மூன்று கூட்டங்களாக அமைந்துள்ளன. மேற்கே கில்பர்ட் தீவுகள். மக்களில் பெரும்பாலோர் வாழ்வது இங்கேதான். நடுவில் எட்டு பீனிக்ஸ் தீவுகள். அவற்றில் கான்டன் தீவில் மட்டும் மிகச் சிலர் குடியிருக்கிறார்கள். கிழக்கே லைன் தீவுகள் எட்டு. அவற்றுள் ஒன்றான கிரிட்டிமாட்டி, அதாவது கிறிஸ்துமஸ் தீவு, மட்டும் 388 சதுர கிலோமீட்டர். நாட்டு நிலத்தில் கிட்டத்தட்டப் பாதி அந்த ஒரு தீவில் அடங்கிவிடுகிறது. நிலப்பரப்பை வைத்துப் பார்த்தால் உலகின் மிகப் பெரிய வட்டப் பவளத்தீவும் அதுவே. தராவாவிலிருந்து அங்கே 3,200 கிலோமீட்டருக்கு மேல் தொலைவு. ஒரே நாட்டுக்குள் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போக, நெடுங்காலம் பிஜி நாட்டுக்குப் பறந்து விமானம் மாற வேண்டியிருந்தது.

நிலநடுக்கோடும் 180 பாகைத் தீர்க்கரேகையும் இந்நாட்டின் எல்லைக்குள் ஓடுகின்றன. ஆகவே நான்கு அரைக்கோளங்களிலும் இதன் பகுதிகள் உண்டு. 1995 வரை சர்வதேசத் தேதிக்கோடு நாட்டை இரண்டாக வெட்டிக்கொண்டிருந்தது. தராவாவில் திங்கள் விடியும்போது கிரிட்டிமாட்டியில் ஞாயிற்றுக்கிழமை. இரு பக்கத்து அரசு அலுவலகங்களும் ஒரே நேரத்தில் திறந்திருப்பது வாரத்தில் நான்கு நாட்கள்தான். 1995 தொடக்கத்தில் அரசு அந்தக் கோட்டைத் தன் கிழக்கு எல்லைக்கு அப்பால் தள்ளி வைத்தது. உலகத்தில் புதுநாள் முதலில் பிறக்கும் குடியிருப்புகள் அன்றுமுதல் லைன் தீவுகளில் உள்ளன.

மேற்கே தனித்திருக்கும் பனாபா என்னும் தீவு ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் தாழ்வான பவளத்தீவுகள். நடுவில் காயல், அதைச் சுற்றி மாலைபோல ஒரு மெல்லிய நிலப்பட்டை. பல இடங்களில் அதன் அகலம் சில நூறு மீட்டர். உயரம் இரண்டு மூன்று மீட்டர். ஆறு இல்லை, மலை இல்லை, மண்ணென்று சொல்லத்தக்க மண்ணும் இல்லை. மழைநீர் பவள மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. கிணறுகளில் ஊறுவது அந்த நீர்தான். அளவுக்கு மீறி இறைத்தாலும், பெரிய அலை ஒன்று கரையேறி வந்தாலும் அது கரித்துப்போகும். தலைநகரின் குழாய்நீரில் பெரும்பகுதி விமான நிலையத்தை ஒட்டிய போன்ரிக்கியின் நிலத்தடியிலிருந்து வருகிறது.

இப்படிப்பட்ட இடத்தில் மனிதர் உணவு விளைவித்தது பெரிய அறிவு. ‘பாபாய்’ என்னும் பெருஞ்சேம்பை வளர்க்க, நிலத்தடி நீர் தட்டுப்படும் வரை பவளத்தைக் கைக்கருவிகளால் வெட்டிக் குழி எடுத்தார்கள். குழிக்குள் ஒவ்வொரு செடியையும் சுற்றித் தாழை ஓலையால் கூடை வளையம் கட்டி, இலைதழையை மக்க வைத்து உரமிடுவார்கள். கிழங்கு முற்றப் பல ஆண்டுகள் ஆகும். குழி குடும்பச் சொத்து, தலைமுறைகளாகக் கைமாறும். இன்னொரு ஆதாரம் தென்னை. காலையும் மாலையும் ஆண்கள் மரமேறிப் பாளை சீவிப் பதநீர் இறக்குகிறார்கள். மரத்தின் மேலிருந்தே பாடுவதும் வழக்கம். ‘கரேவே’ எனப்படும் அந்தப் பதநீரைக் குழந்தைகளுக்குக் கொடுப்பார்கள், காய்ச்சிப் பாகாக்கி வைப்பார்கள், புளிக்கவிட்டால் கள். காய்கறி அரிதான தீவுகளில் வைட்டமின் சி சத்துக்கு இதுவே பெரிய துணை. சீமைப்பலா, தாழம்பழம், மீன் இவற்றோடு முன்னோர் உணவு முடிந்தது. இன்று தட்டில் இடம்பிடித்திருப்பவை இறக்குமதி அரிசி, கோதுமை மாவு, சர்க்கரை, டின் இறைச்சி. கூடவே சர்க்கரை நோயும் பரவிவிட்டது.

மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் தெற்குத் தராவாவில் நெருங்கி வாழ்கிறார்கள். பெட்டியோ முதல் போன்ரிக்கி வரை ஒரே நெடுஞ்சாலை. தீவுத்துண்டுகளைக் கடற்பாலங்கள் இணைக்கின்றன. பள்ளி, மருத்துவமனை, சம்பள வேலை மூன்றும் இங்கே இருப்பதால் வெளித்தீவுகளிலிருந்து இளைஞர் வந்துகொண்டே இருக்கிறார்கள். 1943 நவம்பர் 20 முதல் 23 வரை அமெரிக்க, ஜப்பானியப் படைகள் மோதிய தராவாப் போர் நடந்தது இந்தப் பெட்டியோவில்தான். அமெரிக்கப் படகுகள் தாழ்ந்த ஓதத்தில் பவளத்திட்டில் சிக்கின; வீரர்கள் குண்டுமழையில் நூற்றுக்கணக்கான மீட்டர் தண்ணீரில் நடந்தார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்கர்களும், கொரியத் தொழிலாளர் உட்பட ஜப்பான் தரப்பில் நாலாயிரத்துக்கு மேற்பட்டோரும் இறந்தனர். துருப்பிடித்த பீரங்கிகள் இன்றும் கரையில் நிற்கின்றன.

பனாபாவின் கதை

கிரிபாட்டியின் பொருளாதாரத்தைப் பேசும் எவரும் பனாபாவிலிருந்து தொடங்க வேண்டும். மேற்கே தனித்து நிற்கும் இத்தீவின் பரப்பு சுமார் 6 சதுர கிலோமீட்டர்; 80 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும், நாட்டின் ஒரே மேட்டுத்தீவு. 1900இல் ஆல்பர்ட் எல்லிஸ் என்பவர் இங்கே உயர்தர பாஸ்பேட் இருப்பதைக் கண்டறிந்து, தீவார் ஒருவரிடம் கையெழுத்து வாங்கினார். ஆண்டுக்கு 50 பவுண்டு, 999 ஆண்டுகளுக்கு உரிமை. பொருளே விளங்காத காகிதத்தில் ஒரு சமூகத்தின் நிலம் கைமாறியது. 1920இலிருந்து பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் சேர்ந்து அமைத்த பிரிட்டிஷ் பாஸ்பேட் ஆணையர்கள் அமைப்பு சுரங்கத்தை நடத்தியது. ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் புல்வெளிகளுக்கு உரமாகி 2 கோடி டன்னுக்கு மேல் தீவு கப்பலேறிவிட்டது.

போர்க்காலத்தில் ஜப்பானியர் பனாபா மக்களைப் பல தீவுகளுக்குச் சிதறடித்தனர். போர் முடிந்ததும் பிரிட்டிஷ் அதிகாரிகள் அவர்களைத் திரட்டி, 1945 டிசம்பரில் சுமார் ஆயிரம் பேரைப் பிஜியிலுள்ள ராபி தீவில் இறக்கினார்கள். ராபியை வாங்கியது அவர்களின் பாஸ்பேட் பங்குப் பணத்தில்தான். மழைக்காலத்தில், கூடாரங்களில், முன்பின் அறியாத குளிரில் புது வாழ்வு தொடங்கியது. 1970களில் அவர்கள் லண்டனில் வழக்குத் தொடுத்தார்கள். 1976இல் வந்த தீர்ப்பு, அரசு அவர்களுக்குச் செய்ய வேண்டிய கடமையில் தவறியிருந்தாலும் அது சட்டப்படி வற்புறுத்தத்தக்க பொறுப்பு அன்று என்று சொல்லிவிட்டது. காலனி ஆட்சியின் கணக்குப் புத்தகத்தில் இதைவிடக் கசப்பான பக்கங்கள் குறைவு.

கனிமம் தீர்ந்து சுரங்கம் மூடியது 1979இல். விடுதலையும் அதே ஆண்டு. ஏற்றுமதி வருவாயில் ஐந்தில் நான்கு பங்கு தந்துவந்த தொழில் போன கையோடு புதிய கொடி ஏறியது. ஆனால் ஒரு நல்ல காரியம் முன்பே நடந்திருந்தது. 1956இல் பாஸ்பேட் வரியின் ஒரு பகுதியைக் கொண்டு வருவாய்ச் சமன்பாட்டுக் காப்பு நிதி தொடங்கப்பட்டது. உலகின் பழைமையான அரசு முதலீட்டு நிதிகளில் இதுவும் ஒன்று. வெளிநாட்டுச் சந்தைகளில் முதலிடப்பட்ட இந்நிதியின் மதிப்பு பின்னாளில் 100 கோடி ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டியது. பற்றாக்குறை ஆண்டுகளில் அரசு இதிலிருந்து எடுத்துச் செலவழிக்கிறது.

மீனும் கொப்பரையும்

இன்று நாட்டைத் தாங்குவது சூரை மீன். பிடிப்பவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டார்; கிரிபாட்டிக்கு வருவது உரிமக் கட்டணம். சில ஆண்டுகளில் அரசு வருமானத்தில் முக்கால் பங்குவரை இதுவே. 1985இல் முதல் அதிபர் இயரெமியா தபாய் சோவியத் படகுகளுக்கு ஓராண்டு உரிமம் கொடுத்தது பெரும் பரபரப்பானது. அதுவரை பசிபிக் தீவுகளின் சூரை உரிமையைப் பொருட்படுத்தாத அமெரிக்கா, 1987இல் அவற்றுடன் மீன்பிடி ஒப்பந்தம் செய்துகொண்டது.

உண்மையான திருப்பம் கூட்டு பேரத்தில் வந்தது. நவூரு ஒப்பந்த நாடுகள் எனப்படும் எட்டு நாடுகள், சுருக்குமடிக் கப்பல்கள் ஓராண்டில் மொத்தம் எத்தனை நாள் வலை வீசலாம் என்று தாங்களே வரம்பிட்டு, நாட்களைப் பங்கிட்டு விற்கின்றன. ஒரு கப்பலுக்கு ஒரு நாள் கட்டணம் 8,000 அமெரிக்க டாலருக்குக் குறையக் கூடாது என்பது அவர்கள் வகுத்த விதி. தனித்தனியாக நின்றபோது கிடைத்ததைப்போல் பல மடங்கு இப்போது கிடைக்கிறது.

எல் நினோ ஆண்டுகளில் வெதுநீர் கிழக்கே நகர, சூரைக் கூட்டங்களும் கிரிபாட்டிக் கடலுக்கு வரும். வறண்ட தீவுகளுக்கு மழையும் அப்போதுதான் வரும். லா நினாவில் இரண்டும் குறையும். பெருங்கடலின் வெப்பநிலை மாறுவது இங்கே பட்ஜெட்டையும் கிணற்றையும் ஒருசேரத் தொடுகிறது.

பீனிக்ஸ் தீவுகளைச் சுற்றிய கடற்பரப்பைக் கிரிபாட்டி 2006இல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்து, 2008இல் அதை 4,08,250 சதுர கிலோமீட்டராக விரித்தது. 2010இல் யுனெஸ்கோ உலக மரபிடப் பட்டியலில் அது இடம்பெற்றது; 2015 முதல் வணிக மீன்பிடிப்பு தடை செய்யப்பட்டது. உரிமக் கட்டண இழப்பைக் காரணம் காட்டி 2021இல் அரசு அதைத் திறக்க முடிவெடுத்தது. இயற்கை ஆர்வலர் பலர் கண்டித்தார்கள். வேறு வருமானமில்லாத நாட்டிடம் தியாகத்தை எதிர்பார்த்த உலகம், இழப்பை ஈடுகட்டப் போதிய பணம் திரட்டித் தரவில்லை என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

வெளித்தீவுகளில் கைக்காசு என்பது கொப்பரைதான். உலகச் சந்தை விலையைவிட உயர்த்தி அரசே வாங்குகிறது. 2016இல் கிலோவுக்கு 2 டாலர் ஆக்கியது. பொருளாதார நிபுணர்கள் மானியச் சுமை என்கிறார்கள். வெளித்தீவுக் குடும்பம் தராவா நெரிசலுக்குப் பெயராமல் ஊரிலேயே இருக்க இதைவிட எளிய வழி தென்படவில்லை. பெட்டியோவில் 1967 முதல் இயங்கும் கடற்பயிற்சி நிலையத்தில் பயின்றவர்கள் ஜெர்மன் சரக்குக் கப்பல்களில் வேலை செய்து வீட்டுக்குப் பணம் அனுப்பினார்கள். இப்போது ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பழத்தோட்டங்களுக்குப் பருவகால வேலைக்குப் போவோர் பெருகியிருக்கிறார்கள்.

ஆட்சி

ஊர்தோறும் ‘மனேயபா’ என்னும் பொதுமண்டபம் உண்டு. பவளக்கல் தூண்கள்மேல் தாழை ஓலைக் கூரை. மரபான கட்டுமானத்தில் ஆணியே இல்லை, தென்னை நார்க் கயிற்றுக் கட்டுதான். கூரை விளிம்பு மிகத் தாழ்ந்து இறங்குவதால் யாரும் குனிந்துதான் நுழைய முடியும். உள்ளே ஒவ்வொரு குலத்துக்கும் ‘போட்டி’ என்னும் உரிய இருக்கையிடம் உண்டு. ‘உனிம்வானே’ எனப்படும் முதியவர்கள் பேசி ஊர்க்காரியத்தை முடிவுசெய்வார்கள்.

நாடாளுமன்றத்துக்கு இட்ட பெயரும் மனேயபா நி மௌங்கதாபு. ஒரே அவை, மக்கள் தேர்ந்தெடுக்கும் 44 உறுப்பினர்களோடு, பிஜியில் இருக்கும் ராபி மன்றம் அனுப்பும் பனாபாப் பிரதிநிதி ஒருவரும் அமர்கிறார். வேறொரு நாட்டில் வாழும் சமூகத்துக்குத் தன் அவையில் நாற்காலி போட்டு வைத்திருப்பது இந்த அரசியலமைப்பின் நேர்மை. தொகுதி வாக்காளரில் பெரும்பான்மையோர் மனுக் கொடுத்தால் உறுப்பினரைத் திரும்ப அழைக்கும் வாக்கெடுப்பு நடத்தவும் அதில் வழியுண்டு.

‘பெரெட்டிடென்டி’ என்று அழைக்கப்படும் அதிபரே நாட்டின் தலைவரும் அரசின் தலைவரும். பொதுத்தேர்தலுக்குப் பிறகு அவை தன் உறுப்பினரிலிருந்து மூன்று அல்லது நான்கு பேரை முன்மொழியும். மக்கள் வாக்களித்து அவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். நான்காம் முறை பதவி கிடையாது. நம்பிக்கையில்லாத் தீர்மானம் வென்றால் அதிபரோடு அவையும் கலையும். தேர்தல் முடியும்வரை அவைத்தலைவர், தலைமை நீதிபதி, பொதுப்பணி ஆணையத் தலைவர் மூவரும் அடங்கிய மன்றம் ஆட்சியைப் பார்த்துக்கொள்ளும். 1994இலும் 2003இலும் அப்படியே நடந்தது. 2003 தேர்தலில் அனோட்டே டாங் தன் அண்ணன் ஹாரி டாங்கையே எதிர்த்து வென்றார்.

2016 முதல் டனெட்டி மாமாவ் அதிபர். 2024இல் மூன்றாம் முறை வென்றார். 2019இல் அவர் அரசு தைவானுடன் உறவை முறித்துச் சீனாவை ஏற்றது. 2022இல் தலைமை நீதிபதியும் மேல்முறையீட்டு நீதிபதிகளும் இடைநீக்கம் செய்யப்பட்டு நீதித்துறையே முடங்கியது. அமைதியான ஆட்சிமாற்றங்களுக்குப் பெயர்பெற்ற நாட்டுக்கு அது பெரிய கறை.

உயரும் கடல்

அனோட்டே டாங் தன் ஆட்சிக்காலம் முழுவதும் காலநிலை மாற்றத்தை உலக மேடைகளில் பேசினார். 2014இல் பிஜியின் வானுவா லேவு தீவில் 20 சதுர கிலோமீட்டருக்கு மேல் நிலமும் வாங்கப்பட்டது. மக்களை அங்கே குடியேற்றும் எண்ணத்தை மாமாவ் ஒதுக்கிவைத்தார். அந்த நிலத்தை விவசாயத்துக்குப் பயன்படுத்துவதும், உள்நாட்டில் தாழ்நிலத்தை மேடாக்குவதும் அவர் அரசின் வழி.

பன்னாட்டுக் கடற்சட்டப்படி கடல்மண்டலம் கரையிலிருந்து அளக்கப்படுகிறது. ஆளில்லாத ஒரு திட்டு மூழ்கினாலும், அதைக் காட்டி உரிமை கொண்டாடிய பரந்த கடலும் மீன்வருமானமும் கேள்விக்குள்ளாகலாம். இதை முன்னிட்டுப் பசிபிக் தீவுகள் மன்றத் தலைவர்கள் 2021 ஆகஸ்டில் ஓர் அறிவிப்பு வெளியிட்டார்கள்: முறைப்படி வரையறுத்து ஐ.நா. பொதுச்செயலரிடம் பதிந்துவிட்ட கடல் எல்லைகள், கடல்மட்டம் உயர்ந்து கரை மாறினாலும் குறையாமல் நிலைக்கும். மன்றத்துக்கு வெளியே, தொலைதூரத்திலிருந்து வந்து வலைவீசும் நாடுகளும் இந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டால்தான் கிரிபாட்டியின் 35 லட்சம் சதுர கிலோமீட்டர் உறுதிப்படும்.