ரைம் போனது, அளவு போகவில்லை

ஆங்கில இலக்கியம் படிக்கவரும் முதலாண்டு மாணவர்கள் தவறாமல் குழப்பிக்கொள்ளும் இரண்டு சொற்கள்: பிளாங்க் வெர்ஸ், ஃப்ரீ வெர்ஸ். இரண்டிலும் ரைம் கிடையாது, ஆகவே இரண்டும் ஒன்று என்று தேர்வில் எழுதிவிடுகிறார்கள். (ரைமை எதுகை என்று பெயர்ப்பதும் பொருந்தாது. அது அடியின் கடைசியில் ஒலிப்பது. நம் யாப்பில் அதற்குப் பக்கத்தில் நிற்பது இயைபுதான்.)

பிளாங்க் வெர்ஸ் ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பாகப் பிறந்தது. சர்ரே பிரபு ஹென்றி ஹவர்ட், வெர்ஜிலின் ஈனியட் காவியத்தில் இரண்டு காண்டங்களை ஆங்கிலமாக்கியபோது ரைமைக் கைவிட்டார். லத்தீன் மூலத்திலும் அது இல்லையே. அளவை மட்டும் விடவில்லை. அடிக்குப் பத்து சிலபில். அழுத்தாதது ஒன்று, அழுத்துவது ஒன்று என ஐந்து இணை. குறில், நெடில் பார்த்து நேர், நிரை பிரிக்கும் நம் பழக்கம் இங்கே உதவாது. 1547இல் அவர் தலை வெட்டப்பட்டது. நூல் அச்சேறியது அதற்குப் பிறகுதான். மார்லோவும் ஷேக்ஸ்பியரும் அந்த அடியை மேடையேற்றினார்கள், மில்டன் 1667இல் 'இழந்த சொர்க்கம்' காவியத்துக்கு எடுத்துக்கொண்டார்.

ஃப்ரீ வெர்ஸ் அந்தப் பத்தையும் உதறியது. 1855இல் வந்த விட்மனின் 'புல்லின் இதழ்கள்' நூலில் ஓர் அடி நாலு சொல்லில் நிற்கும், அடுத்தது பக்க ஓரத்தை முட்டி மடங்கும். ஓசையைத் தாங்குவது, பைபிள் சங்கீதங்களில்போலத் திரும்பத் திரும்ப வரும் சொற்றொடர்கள்.

வேறுபாட்டைக் காதால் பிடிக்க ஹாம்லெட்டின் புகழ்பெற்ற தனிமொழி போதும். அதன் முதல் அடியில் பதினொரு சிலபில். மிஞ்சிய அந்த ஒன்று உறுத்துகிறது. தயங்குகிறவனின் பேச்சுக்கு அது பொருந்தியும் போகிறது. பத்து என்ற எதிர்பார்ப்பு இருப்பதால்தான் பதினொன்று காதில் விழுகிறது. விட்மனிடம் மிஞ்சுவதற்கு எல்லையே கிடையாது.

தமிழுக்கும் இவை வேறுவேறு வாசல் வழியே வந்தன. 1891இல் சுந்தரம் பிள்ளை 'மனோன்மணீயம்' நாடகத்துக்கு ஆசிரியப்பாவை எடுத்தார். பிளாங்க் வெர்ஸ் செய்யும் வேலைக்கு நம்மிடம் அகவல் முன்பே இருந்தது. விட்மனைப் படித்த ந. பிச்சமூர்த்தி புதுக்கவிதைக்குப் போனார். பிளாங்க் வெர்ஸை 'வெற்றுப் பா' என்பதில் எனக்கு உடன்பாடில்லை. தொடை எதுவும் அமையாத பாவுக்குச் செந்தொடை என்ற பெயர் நம் இலக்கணத்தில் இருக்கிறது, அதுவே பொருத்தம்.

தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு ஒன்று: ரைம் இல்லாத ஆங்கிலக் கவிதை கண்ணில் பட்டால், பெயர் வைக்கும் முன் பத்து அடிகளையாவது வாய்விட்டுப் படித்து விரல்விட்டு எண்ணுங்கள்.