சுரங்க ரயில் நிலையத்துச் சுவர்

1904-ஆம் வருஷம் அக்டோபர் 27-ஆம் தேதி நியூயார்க் நகரத்தின் முதல் சுரங்க ரயில் பாதை பொதுஜனங்களுக்குத் திறந்துவிடப்பட்டபோது, பூமிக்கடியில் இறங்கி வரும் எளிய பிரயாணியின் கண்ணுக்கும் ஒரு விருந்து வேண்டுமென்று கருதிய அதன் சிற்பிகள், நிலையச் சுவர்களில் வழவழப்பான பீங்கான் ஓடுகளைப் பதித்திருந்தார்கள். ஆஸ்டர் பிளேஸ் நிலையத்தில், ஆஸ்டர் குடும்பத்தாரின் செல்வத்துக்கு மூலமாயிருந்த தோல் வியாபாரத்தை நினைவூட்டும் பொருட்டு, மரத்தைக் கொறிக்கும் பீவர் என்ற பிராணியின் உருவத்தை இன்றும் அந்தப் பீங்கானில் காணலாம். அந்த அழகை ஊரார் கண்ணாரக் கண்டு முடிப்பதற்குள்ளேயே ஓடுகளை மறைத்துக்கொண்டு விளம்பரத் தட்டிகள் ஏறிவிட்டன. பத்திரிகைகள் கண்டித்தன, கலாபிமானிகள் முறையிட்டார்கள், தட்டிகள் இறங்கவில்லை. அந்தச் சுவரைப் பற்றிய முதல் வழக்கு அழகைப் பற்றியது. மதத்தைப் பற்றிய வழக்கு வந்து சேர நூறாண்டுக்கு மேலாயிற்று.

இடைக்காலத்தில் அதே சுவர் மத வேற்றுமையைப் பகையின்றிப் பேசியதும் உண்டு. 1960-களில் புரூக்ளினைச் சேர்ந்த லெவி என்ற ரொட்டிக் கடைக்காரர்களுடைய விளம்பரங்களில், செவ்விந்தியர் ஒருவரும், சீனர் ஒருவரும், தேவாலயத்துப் பாடகச் சிறுவன் ஒருவனும், தனித்தனிப் படங்களில், யூத முறைப்படி செய்த ரை ரொட்டியைக் கடித்துக்கொண்டு முகமலர்ச்சியோடு நின்றார்கள். இந்த ரொட்டியை விரும்புவதற்கு ஒருவர் யூதராகத்தான் இருக்கவேண்டுமென்பதில்லை என்பது வாசகத்தின் சாரம். ஒரு சமூகத்தின் பெயரைச் சுவரில் எழுதிய மாத்திரத்தில் அது நிந்தையாகிவிடாது என்பதற்கு இதைவிட இனிய திருஷ்டாந்தம் எனக்குத் தெரியவில்லை.

சட்டத்தின் நிலைமை வேறாக இருந்தது. ஓஹையோ மாகாணத்து ஷேக்கர் ஹைட்ஸ் நகரம், தன் டிராம் வண்டிகளில் அரசியல் விளம்பரங்களை அநுமதிக்காமல், தேர்தல் அபேட்சகர் ஒருவரின் விளம்பரத்தை மறுத்தது. வண்டிக்குள் அகப்பட்டுக்கொண்ட பிரயாணி கண்ணை வேறெங்கும் திருப்ப இயலாதவன் என்ற காரணத்தையும் மனத்திற்கொண்டு, 1974-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஐவருக்கு நால்வர் என்ற மிகச் சிறிய பெரும்பான்மையால் நகரத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. ஆயினும், அரசியல் வாதங்களுக்குக் கதவைத் திறந்துவிட்ட ஸ்தாபனம், உள்ளே வருபவனுடைய அபிப்பிராயத்தைப் பார்த்து ஒருவனை ஏற்று மற்றொருவனைத் தள்ளலாகாது என்பதும் அந்த நாட்டுச் சட்டத்தின் உறுதியான கொள்கை. நியூயார்க் போக்குவரத்து அதிகார சபையோ கதவைத் திறந்து வைத்திருந்தது.

அந்தத் திறந்த கதவின் வழியாகவே 2011-இல் ஒரு சங்கத்தார், இஸ்ரேலின் பக்கத்தை நாகரிகமென்றும், ஜிகாத் புரிவோரைக் காட்டுமிராண்டிகளென்றும் சுட்டும் ஒரு விளம்பரத்தைக் கொண்டுவந்தார்கள். மதம், இனம் முதலியவற்றை முன்னிட்டு எவரையும் இழிவுபடுத்தும் விளம்பரம் கூடாதென்ற தன் விதியைக் காட்டிச் சபை அதை மறுத்தது. வழக்கு நியாயாதிபதி பால் எங்கல்மையர் முன்பு வந்தது. விதியின் நோக்கத்தை அவர் குறைகூறவில்லை. ஆனால் சில வகையாரை மட்டும் நிந்தையிலிருந்து காத்து, வக்கீல்களையோ பருத்த உடலினரையோ தெற்கத்தியரையோ இகழ்வதற்கு இடம்விடும் விதி, பேச்சின் பொருளைப் பார்த்துப் பாகுபாடு செய்வதாகுமென்று, 2012 ஜூலையில் தீர்ப்புக் கூறினார்.

செப்டம்பரில் பத்து நிலையங்களில் அந்தத் தட்டிகள் ஏறின. நபிகளை இழிவுசெய்த ஒரு சலனப்படத் துணுக்கை முன்னிட்டுப் பல தேசங்களில் கலகம் மூண்டிருந்த வாரங்கள் அவை. வாஷிங்டன் ரயில் நிர்வாகம் அக்காரணத்தைச் சொல்லியே அதே விளம்பரத்தை ஒத்திப்போட்டுப் பார்த்து, அக்டோபரில் நீதிமன்றத்தின் கட்டளைக்குப் பணிந்தது. டைம்ஸ் ஸ்கொயர் நிலையத்தில் எகிப்திய வமிசத்துப் பத்திரிகையாளரான ஒரு ஸ்திரீ, ரோஜா நிறச் சாயத்தை எடுத்துத் தட்டியின் மேல் பீச்சினார்; வேறொரு ஸ்திரீ சாயத்துக்கும் தட்டிக்கும் நடுவே புகுந்து தம் உடலையே திரையாக்கினார்; போலீஸார் வந்து சாயம் பீச்சியவரைக் கைதுசெய்தார்கள். தலையில் முக்காடிட்டு, குழந்தையின் கையைப் பற்றிக்கொண்டு அத்தட்டியின் கீழே ரயிலுக்காகக் காத்து நின்ற ஒரு தாயின் மனநிலையை நினைக்கும்போது, அந்தச் சாயத்தின் கோபம் எனக்கு விளங்காமலில்லை.

ஆனால் அதைக் காட்டிலும் என் மனத்தைத் தொட்டது, அடுத்த மாதம் நிகழ்ந்தது. யூத ரபிகளின் சங்கமொன்றும், மெதடிஸ்ட் மாதர் சங்கமும், வேறொரு கிறிஸ்தவக் குழுவும் தத்தம் கைப்பொருளைச் செலவிட்டு அதே சுரங்க ரயிலின் சுவர்களில் இடம் வாங்கி, முஸ்லிம் அண்டை வீட்டாரிடம் அன்பு பாராட்டுங்கள் என்றும், துவேஷப் பேச்சு நாகரிகமன்று என்றும் பதில் எழுதினார்கள். நிந்தை எந்தச் சுவரில் தொங்கியதோ அந்தச் சுவரிலேயே, நிந்திக்கப்பட்டவர்களின் சார்பாக வேற்று மதத்தினர் எழுந்து பேசினார்கள். எந்த நீதிமன்றமும் இதைக் கட்டளையிட்டிருக்க இயலாது.

சபைக்கு அச்சம் தீரவில்லை. கருத்து விளம்பரங்களின் அடியில், இது சபையின் அபிப்பிராயமன்று என்ற அறிவிப்பைச் சேர்த்தது. உடனடியாக வன்முறையைத் தூண்டக்கூடிய விளம்பரத்தை மறுக்கலாமென்றும் ஒரு விதி வகுத்தது. 2014-இல் அதே சங்கத்தார், யூதர்களைக் கொல்வது வழிபாடென்று ஒரு முஸ்லிம் கூறுவதாகச் சித்திரித்த விளம்பரத்தைக் கொண்டுவரவே, சபையின் பாதுகாப்பு அதிகாரி அபாயமென்று எச்சரித்தார். அவர் கவலையை நான் அலட்சியமாகக் கருதவில்லை. லட்சக்கணக்கானோர் தோளோடு தோள் உரசி நிற்கும் குகையில் ஒரு சிறு தள்ளுமுள்ளு எவ்வாறு முடியுமென்று பொறுப்பிலிருப்பவர்தாம் கனாக் காண்கிறார். ஆயினும் நியாயாதிபதி ஜான் கோல்ட்டல், இதே விளம்பரம் சிகாகோவிலும் ஸான் பிரான்சிஸ்கோவிலும் கலகமின்றித் தொங்கியதைச் சுட்டிக்காட்டி, நியூயார்க் வாசிகளின் சகிப்புத்தன்மையைச் சபை குறைத்து மதிப்பிடுகிறதென்று 2015 ஏப்ரலில் தீர்த்தார்.

சபை வேறு வழியைப் பிடித்தது. ஏப்ரல் 29-ஆம் தேதி, ஒன்பதுக்கு இரண்டு என்ற வோட்டுக் கணக்கில், அரசியல் விளம்பரங்கள் அனைத்துக்கும் கதவை அடைத்தது. நான்கு நாள் கழித்து, டெக்ஸாஸில் கார்லண்ட் என்ற ஊரில் அதே சங்கத்தார் நடத்திய நபி சித்திரப் போட்டியின் வாயிலில் துப்பாக்கி வெடித்து, சுட வந்த இருவர் மாண்டனர். மே மாத இறுதியில் வாஷிங்டனும் கருத்து விளம்பரங்களை விலக்கியது. அவ்வேளையில் அது விவேகமாகவே பலருக்குத் தோன்றிற்று. இருந்தும், அடைத்த கதவினால் நிந்தையோடு ரபிகளின் பதிலும் வெளியே நின்றதை எண்ணி நான் வருந்துகிறேன்.

வாஷிங்டனில் பேச்சுரிமைச் சங்கம் ஒன்று, பேச்சுரிமையைக் காக்கும் அரசியல் சாசனத்தின் முதல் திருத்தத்தை, ஆங்கிலம், ஸ்பானிஷ், அரபி ஆகிய மொழிகளில் அச்சிட்டு ஒட்ட விரும்பியது, நிர்வாகம் மறுத்தது. 2017-இல் கத்தோலிக்க மேற்றிராசனத்தார் கிறிஸ்துமஸ் காலத்துக்கென்று அதே நிர்வாகத்தின் பஸ்களில் ஒட்ட ஒரு விளம்பரத்தைக் கொண்டுவந்தார்கள்: நட்சத்திரங்கள் நிறைந்த இரவு, கையில் கோலோடு நடந்து போகும் மேய்ப்பர்களின் நிழலுருவங்கள், அருகே ஆடுகள். மதத்தைப் பரப்பும் விளம்பரமென்று அதுவும் திருப்பி அனுப்பப்பட்டது. மேல் நீதிமன்றம் 2018-இல் நிர்வாகத்தின் முடிவை ஊர்ஜிதம் செய்தது. 2020-இல் உச்ச நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு எடுத்துக்கொள்ளவில்லை. வாஷிங்டன் பஸ்களின் பக்கங்களில் அந்த மேய்ப்பர்கள் ஏறவே இல்லை.