வட்டமும் கட்டணமும்: தமிழ்நாட்டுத் தொலைத்தொடர்புச் சந்தையின் ஒழுங்குமுறை வரலாறு – வேங்கிக்காலை முன்வைத்து

முன்னுரை

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் செல்லும் சாலையில், நகரை ஒட்டி அமைந்த ஊர் வேங்கிக்கால். 1989-இல் வடஆர்க்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டுத் திருவண்ணாமலை தனி மாவட்டமானது. அம்மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகம் இவ்வூரில்தான் உள்ளது. இங்கிருந்து சென்னைத் தலைமைச் செயலகத்துக்குச் செல்லும் கைப்பேசி அழைப்பு ஒரே மாநிலத்துக்குள் நிகழ்வது. ஆயினும் 2005 வரை அது ஒரு சந்தையிலிருந்து மற்றொரு சந்தைக்குச் செல்லும் அழைப்பாகவே கணக்கிடப்பட்டது. மாநில எல்லையும் மாவட்ட எல்லையும் இதற்குக் காரணமல்ல. ‘தொலைத்தொடர்பு வட்டம்’ என்னும் உரிம எல்லையே காரணம்.

இந்தியத் தொலைத்தொடர்புக் கட்டணங்கள் குறைந்த கதையைப் ‘போட்டி வந்தது, விலை வீழ்ந்தது’ என்று சுருக்கிச் சொல்வது வழக்கம். அக்கூற்றில் உண்மை உண்டு. ஆனால் போட்டி எவ்வாறு இயன்றது என்பதை அது விளக்குவதில்லை. வாடிக்கையாளர் செலுத்தும் கட்டணத்தை ஒழுங்குமுறை ஆணையம் நேரடியாக நிர்ணயித்த காலம் மிகக் குறுகியது. விலையைப் பெரிதும் மாற்றியவை இரண்டு: சந்தையின் எல்லையை எங்கே வரைவது என்ற முடிவும், நிறுவனங்கள் தமக்குள் செலுத்திக்கொள்ள வேண்டிய தொகை எவ்வளவு என்ற முடிவும். நிறுவனங்கள் பலவாக இருந்தவரை இவ்விரு கருவிகளும் போதுமானவையாக இருந்தன. அவை சிலவாகச் சுருங்கியபோது போதவில்லை. இக்கட்டுரை இக்கருத்தைத் தமிழ்நாடு வட்டத்தின் நிகழ்வுகளைக் கொண்டு ஆராய்கிறது.

தூரத்துக்கும் நேரத்துக்கும் விலை

1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம் தொலைத்தொடர்பை நடுவண் அரசின் தனியுரிமையாக வைத்திருந்தது. அக்காலக் கட்டணம் தூரத்தையும் நேரத்தையும் அளவுகோலாகக் கொண்டது. வெளியூர் அழைப்புகளுக்குப் பகலில் முழுக் கட்டணம், மாலைக்குப் பின் அரை, இரவு 11 மணிக்குப் பின் கால் என்ற படிநிலையை எஸ்.டி.டி. பூத்துகளின் முன் இரவில் காத்து நின்ற தலைமுறை நன்கறியும். கார்த்திகை தீபத்துக்கும் கிரிவலத்துக்கும் பெருங்கூட்டம் வந்துசெல்லும் திருவண்ணாமலை போன்ற ஊரில், வீட்டுக்கு ‘வந்து சேர்ந்தோம்’ என்று சொல்வதற்கும் அதுவே வழி.

உள்ளூர் அழைப்பும் மாத வாடகையும் செலவுக்கும் குறைவாக வைக்கப்பட்டு, அந்த இழப்பை வெளியூர், வெளிநாட்டு அழைப்புகளின் மிகை வருவாய் ஈடுசெய்தது. இதை ஏழைக்குச் செல்வர் தரும் உதவி என்று மட்டும் கொள்ள இயலாது. அன்று தொலைபேசி வைத்திருந்தோரே சிலர். வெளியூர் அழைப்புக்குப் பூத்தை நாடியோரோ தொலைபேசி இல்லாதோர். ஆகவே பூத்தில் பணம் செலுத்தியவர், தொலைபேசி வைத்திருந்த வீட்டின் வாடகையையும் ஓரளவு சுமந்தார் எனலாம்.

வட்டம் என்னும் எல்லை

1994-ஆம் ஆண்டுத் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை தனியாருக்கு வழிதிறந்தது. நான்கு பெருநகரங்களுக்குக் கைப்பேசி உரிமங்கள் முதலில் தரப்பட்டன. சென்னையில் ஸ்கைசெல், ஆர்.பி.ஜி. செல்லுலார் என்னும் இரு நிறுவனங்கள் அவற்றைப் பெற்றன. எஞ்சிய பகுதிகள் வட்டங்களாகப் பிரிக்கப்பட்டு ஏலமுறையில் வழங்கப்பட்டன. தமிழ்நாடு வட்டம் ‘அ’ வகையைச் சேர்ந்தது. அங்கு உரிமம் பெற்ற இரு நிறுவனங்களுள் ஒன்றான ஸ்ரீநிவாஸ் செல்காமின் சேவையே 1999-இல் ஏர்செல் என்ற பெயரில் அறிமுகமானது. மற்றொன்று பி.பி.எல்.

உரிம ஆவணத்தில் தமிழ்நாடு வட்டம் வரையறுக்கப்பட்ட முறை ஆராயத்தக்கது. சென்னைத் தொலைபேசிகளின் உள்ளூர்ப் பகுதிகள், மறைமலைநகர், மீஞ்சூர், மாமல்லபுரம் இணைப்பகங்கள் ஆகியன நீங்கலான மாநிலமே அவ்வட்டம். புதுச்சேரி அதில் அடங்கும். அதாவது மாமல்லபுரம் சென்னைச் சந்தையிலும், அதிலிருந்து சற்றுத் தெற்கேயுள்ள ஊர்கள் வேங்கிக்காலோடும் கன்னியாகுமரியோடும் ஒரே சந்தையிலும் இருந்தன. திருவண்ணாமலையில் வாங்கிய கைப்பேசியோடு சென்னை செல்பவர் ரோமிங் கட்டணம் செலுத்தினார். வணிகம், மருத்துவம், கல்வி, அரசு அலுவல் என எல்லாவற்றுக்கும் தலைநகரை நோக்கியே இயங்கும் ஒரு மாநிலத்தில், அதன் தலைநகரை வெளியே நிறுத்தி வரையப்பட்ட சந்தை இது. வருவாய் மிகுந்த நகரத்தைத் தனியே விற்பது அரசுக்கு நிதியளவில் ஏற்றதாக இருந்திருக்கலாம். பேசுவோரின் உறவும் தொழிலும் செல்லும் வழியோடு அதற்குத் தொடர்பில்லை.

ஆணையம் பெற்ற அதிகாரமும் இழந்த வழக்கும்

1997 பிப்ரவரியில் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) நிறுவப்பட்டது. அப்போது கைப்பேசிக்கு ஒரு நிமிடம் பேச 8 ரூபாய் 40 காசும், நெரிசல் நேரத்தில் 16 ரூபாய் 80 காசு வரையும் பெற இடமிருந்தது. வரும் அழைப்புக்கும் கைப்பேசி வைத்திருப்பவரே பணம் செலுத்தினார். ஆணையத்தின் 1999 மார்ச் மாதக் கட்டண ஆணை இந்த உச்சவரம்பைக் குறைத்தது. வெளியூர் அழைப்புக் கட்டணத்தைக் குறைத்து, வாடகையைச் செலவை நோக்கி உயர்த்தும் படிப்படியான மாற்றத்தையும் தொடங்கியது.

அதே ஆண்டில், அழைப்பவரே முழுச் செலவையும் ஏற்கும் முறையைக் கொண்டுவர ஆணையம் முயன்றது. எம்.டி.என்.எல். தொடுத்த வழக்கில் தில்லி உயர்நீதிமன்றம் 2000 ஜனவரியில் அம்முயற்சியைத் தள்ளுபடி செய்தது. உரிமத்தின் நிபந்தனைகளை மாற்றும் அதிகாரம் ஆணையத்துக்கு இல்லை என்பது அதன் அடிப்படை. இதை ஆணையத்தின் தோல்வியாகக் காண்பது இயல்பு. எனினும் அம்மாதமே பிறப்பிக்கப்பட்ட அவசரச் சட்டமும் தொடர்ந்த திருத்தச் சட்டமும், தகராறு தீர்க்கும் பணியைத் தனித் தீர்ப்பாயத்துக்கு மாற்றின. அதே வேளையில், பழைய உரிமங்களில் என்ன எழுதப்பட்டிருந்தாலும் நிறுவனங்களுக்கிடையேயான இணைப்பின் நிபந்தனைகளை ஆணையமே வகுக்கலாம் என்று வெளிப்படையாகக் கூறின. பின்வந்த இருபதாண்டுகளில் விலையை மாற்றிய அதிகாரம் இந்தப் பிரிவிலிருந்து பிறந்ததே என்பது இக்கட்டுரையாசிரியரின் கருத்து.

நிறுவனங்களுக்கிடையேயான கணக்கு

2002-இல் கைப்பேசிக் கட்டணங்கள் நிறுவனங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டன. ஆணையத்தின் மொழியில் இது ‘தலையிடாமை’. ரோமிங் போன்ற சிலவற்றுக்கு மட்டும் வரம்பு தொடர்ந்தது. பி.எஸ்.என்.எல். மூன்றாம் நிறுவனமாகவும், பாரதி தமிழ்நாடு வட்டத்தில் நான்காம் நிறுவனமாகவும் நுழைந்த காலம் அது. ஆகவே தலையிடாமைக்கு நியாயம் இருந்தது.

ஆணையம் முற்றாக விலகிவிடவில்லை. ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் மற்றொரு நிறுவனத்தின் வாடிக்கையாளரை அழைக்கும்போது, அனுப்பும் நிறுவனம் பெறும் நிறுவனத்துக்கு ஒரு தொகை தரவேண்டும். இந்த அழைப்பு முடிப்புக் கட்டணத்தை ஆணையமே வகுத்தது. 2003 மே முதல் நடைமுறைக்கு வந்த இவ்வொழுங்கால் வரும் அழைப்பு இலவசமாயிற்று. கைப்பேசியை ‘மிஸ்டு கால்’ பெறுவதற்காக மட்டுமே வைத்திருந்தவரும் சந்தைக்குள் வந்தார். 2004 முதல் நிமிடத்துக்கு 30 காசாக இருந்த முடிப்புக் கட்டணம், 2009 ஏப்ரலில் 20 காசாகவும், 2015 மார்ச்சில் 14 காசாகவும், 2017 அக்டோபரில் 6 காசாகவும் குறைக்கப்பட்டு, 2021 ஜனவரியில் நீக்கப்பட்டது. சில்லறை விலை எத்தொகைக்குக் கீழே இறங்க இயலாதோ, அத்தொகையையே ஆணையம் ஒவ்வொரு முறையும் இறக்கியது.

எல்லையும் மாறியது. 2005-இல் சென்னையும் தமிழ்நாடு வட்டமும் கட்டணத்துக்கு ஒன்றெனக் கொள்ளப்பட்டன. வேங்கிக்காலிலிருந்து சென்னைக்குச் செல்லும் அழைப்பு அப்போதுதான் வட்டத்துக்குள்ளான அழைப்பாயிற்று. 2006 மார்ச் 1 அன்று பி.எஸ்.என்.எல். நாடெங்கும் நிமிடத்துக்கு ஒரு ரூபாய் என்ற திட்டத்தை அறிமுகப்படுத்தியது. இது அரசு நிறுவனத்தின் கொடையாக அன்று கொண்டாடப்பட்டது. ஆனால் கிராமத் தொலைபேசி இழப்பை ஈடுசெய்ய ஒவ்வொரு வெளியூர் நிமிடத்தின் மீதும் வைக்கப்பட்டிருந்த சுமை, அதே நாளிலிருந்துதான் நிறுவனங்களின் வருவாயில் ஒரு விழுக்காடாக மாற்றப்பட்டது. நிமிடத்தின் மேலிருந்த சுமை நீங்கியதாலேயே ஒரு ரூபாய்த் திட்டம் இயன்றது. 2009-இல் டாட்டா டோகோமோ நொடிக்கு ஒரு காசு என்று அறிவித்ததும் முடிப்புக் கட்டணம் 20 காசான ஆண்டிலேயே. நிறுவனங்களின் துணிவை இது மறுப்பதாகாது. துணிவதற்கான இடம் எங்கிருந்து வந்தது என்பதே வினா.

ஏர்செல்லின் வீழ்ச்சி

இக்கருவிகளின் வரம்பைத் தமிழ்நாடு கண்கூடாகக் கண்டது 2018-இல். சி. சிவசங்கரன் தொடங்கிய ஏர்செல், 2003-இல் சென்னையின் ஆர்.பி.ஜி. செல்லுலாரை வாங்கி, வட்ட எல்லை நீங்குவதற்கு முன்பே இரு சந்தைகளிலும் கால்பதித்தது. 2006-இல் மலேசியாவின் மேக்சிஸ் அதில் பெரும்பங்கை வாங்கியது. சிற்றூர்வரை பரவிய அதன் எண்களே தமிழகத்தில் பலரின் முதல் எண்கள்.

2016 செப்டம்பரில் ரிலையன்ஸ் ஜியோ தன் சேவையைத் தொடங்கி, 2017 மார்ச் வரை இலவசமாக வழங்கியது. விலையற்ற விற்பனை போட்டியாளரை வீழ்த்தும் விலையிடல் ஆகுமா என்ற கேள்வி இந்தியப் போட்டி ஆணையத்தின் முன் வந்தது. அவ்வாணையம் ஒவ்வொரு வட்டத்தையும் தனிச்சந்தையாகக் கொண்டு, புதிதாக நுழைந்த நிறுவனத்துக்கு ஆதிக்க நிலை இல்லை என்று 2017 ஜூனில் புகாரை முடித்துவைத்தது. 1990-களில் உரிமத் தொகைக்காக வரையப்பட்ட வட்டம், இங்கே போட்டிச் சட்டத்தின் சந்தையாக மறுபிறவி எடுத்ததைக் காண்க. பிற துறைகளில் பெற்ற பொருள்வலிமையோடு ஒரு நிறுவனம் எல்லா வட்டங்களிலும் ஒரே நாளில் நுழைவதை இந்த அளவுகோலால் அளக்க இயலுமா என்பது ஐயத்துக்குரியது.

அவ்வாண்டு அக்டோபர் 1 ஏர்செல்லுக்கு இரு வகையில் கெட்ட நாள். ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்சுடனான இணைப்புத் திட்டம் அன்று கைவிடப்பட்டது. முடிப்புக் கட்டணமும் அன்றே 6 காசாகக் குறைந்தது. பெறும் அழைப்புகள் மிகுந்த பழைய நிறுவனங்களுக்கு அது வருவாய் இழப்பு. அனுப்பும் அழைப்புகள் மிகுந்த புதிய நிறுவனத்துக்கு ஆதாயம். நுகர்வோர் நலனை நோக்கிய ஒரே முடிவு போட்டியாளர்களை வேறுவேறாகத் தாக்கியதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

2018 ஜனவரி இறுதியில் ஏர்செல் ஆறு வட்டங்களிலிருந்து விலகியது. பிப்ரவரி மூன்றாம் வாரத்தில், கோபுர நிறுவனங்களுடனான நிலுவைத் தகராற்றுக்கிடையே, அதன் தாய் வட்டமான தமிழ்நாட்டிலும் அலைவரிசை மறைந்தது. வேறு நிறுவனத்துக்கு மாற, எண்ணிலிருந்து குறுஞ்செய்தி அனுப்பிக் குறியீடு பெறவேண்டும். அதற்கு முதலில் அலைவரிசை வேண்டும். சேவை நின்றவர் சேவையைப் பயன்படுத்தியே வெளியேறவேண்டும் என்ற நிலை அது. வங்கிக் கணக்கும் எரிவாயுப் பதிவும் ஆதாரும் அந்த எண்ணோடு பிணைந்திருந்தன. ஆணையம் மாற்றுக் குறியீடு பெற வழிசெய்து, ஏப்ரல் 15 வரை காலநீட்டிப்பும் அளித்தது. பிப்ரவரி இறுதியில் நிறுவனம் நொடிப்பு மனுவைத் தாக்கல் செய்தது. எண் மாறாமல் நிறுவனம் மாறும் வசதி 2011-இல் நாடு முழுவதும் வந்தபோது, போட்டியை ஊக்குவிக்கும் கருவி என்றே அறிமுகமானது. ஏழாண்டுகளுக்குப் பின், மூழ்கும் கப்பலிலிருந்து கரைசேரும் படகாக அது பயன்பட்டது.

தலையிடாமையின் இன்றைய பொருள்

2018 பிப்ரவரியில் ஆணையம், ஒரு வட்டத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் பங்குள்ள நிறுவனம் சராசரி மாறும் செலவுக்குக் கீழே விலை வைத்துப் போட்டியைக் குலைத்தால் தண்டம் விதிக்கும் விதியைக் கொணர்ந்தது. அடுத்த வரையறை வருமுன்பே, அவ்வாண்டு டிசம்பரில் தீர்ப்பாயம் அதன் முக்கியப் பகுதிகளை நீக்கியது. தொலைத்தொடர்புத் தொழில்நுட்பச் சிக்கல்களை முதலில் ஆணையமே ஆராயவேண்டும், பின்னரே போட்டி ஆணையம் என்று உச்சநீதிமன்றம் கூறியதும் அதே மாதத்தில். முதலில் ஆராயவேண்டிய அமைப்பு எது என்று தெளிவான அதே நாள்களில், அவ்வமைப்பின் கையிலிருந்த விதி பறிபோயிற்று.

2019 டிசம்பரில் குறைந்தபட்ச விலை தேவையா என்று ஆணையம் கலந்தாய்வுத் தாள் வெளியிட்டது. முன்பு உச்சவரம்பு வகுத்த அமைப்பு, அடிவரம்பு பற்றிக் கேட்ட தருணம் அது. அடிவரம்பு வரவில்லை; அதற்குத் தேவையும் எழவில்லை. 2019 டிசம்பர், 2021 நவம்பர், 2024 ஜூலை எனத் தனியார் நிறுவனங்கள் மூன்றும் ஏறத்தாழ ஒரே வாரத்தில் கட்டணத்தை உயர்த்தின. 2002-இல் போட்டி பெருகும் என்ற எதிர்பார்ப்பில் எழுதப்பட்ட தலையிடாமை விதி, போட்டி சுருங்கிய பின்பும் மாறாமல் நின்றது. முடிப்புக் கட்டணம் சுழியாகிவிட்டமையால், இறக்குவதற்கும் ஒன்றும் எஞ்சவில்லை.

2024 டிசம்பரில் ஆணையம், இணையத் தரவு சேராத, அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான ரீசார்ஜ் திட்டம் ஒன்றையேனும் ஒவ்வொரு நிறுவனமும் வழங்கவேண்டும் என்று ஆணையிட்டது. பொத்தான் கைப்பேசி வைத்திருக்கும் முதியோரையும், இரண்டாம் சிம்மை அழைப்புக்கு மட்டும் பயன்படுத்துவோரையும் கருதிய ஏற்பாடு இது. அத்திட்டங்கள் 2025 ஜனவரியில் வெளிவந்தன. அவற்றின் விலையை நிறுவனங்களே வைத்தன.