மறுபக்கத்துப் பாட்டு

இசைத்தட்டுக்குப் பக்கங்கள் இரண்டு. ஊரறிந்த பாட்டு ஒரு பக்கத்தில் இருக்கும்; அதைக் கேட்டு மகிழ்ந்தவர் தட்டைத் திருப்பிப் போடுவது அரிது. ஈழத்துத் தமிழ்ப் பொப்பிசையின் வரலாறும் அவ்வாறே ஆயிற்று. ‘சுராங்கனி’ என்றதும் தமிழுலகம் தாளம் போடும். அதைப் பாடிய ஏ. ஈ. மனோகரன் வேறு யாது பாடினார், அவர் காலத்தில் உடன் பாடியோர் எவரெவர் என வினவினால், விடை பகர்வோர் மிகச் சிலரே.

இவ்விசையின் வேர் பழையது. 1505இல் இலங்கைக் கரையை அடைந்த போர்த்துக்கீசர் 1658இல் ஆட்சி இழந்து அகன்றனர். எனினும் அவர்கள் காலத்தில் வந்த ஆபிரிக்க மக்களின் ஆட்டமும் பாட்டும் கரையோரத்தில் தங்கிவிட்டன. அவற்றினின்று கிளைத்ததே பைலா. துள்ளியோடும் அதன் தாளத்துக்குச் சிங்களச் சொற்களை இசைத்து மக்கள் இசையாக்கியவருள் முதன்மையானவர், காவல்துறையில் பணிபுரிந்த வொலி பஸ்தியன்.

பறங்கியரும் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் அண்டை அயலாய் வாழ்ந்த கொட்டாஞ்சேனையில் இத்தாளம் எவருக்கும் அந்நியமானதன்று. உத்தியோகம் நாடி யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்கள் குடியேறிய வெள்ளவத்தையிலோ வீணையும் மிருதங்கமுமே மதிப்புக்குரியனவாய் இருந்தன. இவ்விரண்டுக்கும் மேலாக ஓங்கி ஒலித்தது தென்னிந்தியத் திரைப்பாடல். பாக்கு நீரிணைக்கு அப்பாலும் இலங்கை வானொலியைத் தேடிக் கேட்கச் செய்ததும் அப்பாடலே. உள்ளூர்க் கலைஞனுக்கு எஞ்சிய இடம் சிறிது.

அச்சிறிய இடத்தில் எஸ். கே. பரராஜசிங்கம் போன்றோர் மெல்லிசையை வளர்த்தனர். மற்றொரு புறம் கிதாரை ஏந்தி வந்தார் யாழ்ப்பாணத்தவரான நித்தி கனகரத்தினம். அவருடைய ‘சின்ன மாமியே’, ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ ஆகிய பாடல்கள் செய்த புதுமை இராகத்தில் இல்லை, மொழியில் இருந்தது. வீட்டு முற்றத்திலும் வேலியோரத்திலும் வழங்கிய யாழ்ப்பாணப் பேச்சு, முதன்முறையாக மேனாட்டு வாத்தியங்களோடு கைகோத்து மேடையேறியது. தன் வாயில் வழங்கும் சொல்லைப் பாட்டிலே கேட்டவனுக்கு உண்டான மகிழ்ச்சி, இரவற் பாட்டினால் உண்டாவதன்று.

1970 முதல் 1977 வரை ஆண்ட அரசாங்கம் இறக்குமதியை இறுக்கிக் கட்டியது. பண்டங்கள் அருகினும் உள்ளூர்க் கலைக்கு அது ஒரு வாய்ப்பாயிற்று. அக்காலத்தில் வழங்கிய சிறு இசைத்தட்டு ஏழு அங்குல அகலமுடையது. நிமிடத்துக்கு 45 முறை சுழல்வது. பக்கத்துக்கு ஏறக்குறைய நான்கு நிமிடமே இடம். பல்லவியைக் கேட்டவுடன் மனத்திற் பதிய வேண்டும், சரணம் நீளலாகாது. பொப்பிசையின் சுருக்கமும் சுறுசுறுப்பும் இத்தட்டுக்கு நன்கு இசைந்தன.

பின்னர் மறதி வந்ததெவ்வாறு? 1977க்குப் பின் சந்தை திறக்கப்பட்டது, ஒலிநாடாக்கள் பெருகின, திரைப்பாடல் மீண்டும் வெள்ளமாய்ப் பாய்ந்தது. ‘சுராங்கனி’யே 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ என்னும் தமிழ்ப்படத்துள் புகுந்து, திரைப்பாட்டாகவே பலராலும் அறியப்பட்டது. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன, வெள்ளவத்தையும் தப்பவில்லை. உயிரைக் காத்துக்கொண்டு ஓடுகிறவன் இசைத்தட்டையா எடுத்துச் செல்வான்? பாடியோரும் கேட்டோரும் சிதறினர். நித்தி கனகரத்தினம் அவுஸ்திரேலியாவில் குடியேறினார். மனோகரன் தமிழகம் சென்று, திரைப்படங்களில் நடித்து, 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். ‘சிலோன் மனோகர்’ என்ற பெயரில் மட்டும் அவருடைய தாயகம் அவரோடு இருந்தது.

ஒரு பாட்டு வாழ்ந்தால் போதாதா எனலாம். போதாது. ஒரு பாட்டு ஒரு மனிதனின் வெற்றியைக் காட்டும். அதனைச் சூழ்ந்த பல பாட்டுகளே ஒரு சமூகம் எப்படிப் பேசிற்று, எதற்குச் சிரித்தது, எவரோடு கலந்து வாழ்ந்தது என்பதைக் காட்டும். அரசர்க்குக் கல்வெட்டு உண்டு. கொட்டாஞ்சேனை ஒழுங்கைக்கும் வெள்ளவத்தை மாடிவீட்டுக்கும் இத்தகைய தட்டுகளே சாசனம். பழைய பெட்டிகளில் அவை இன்னும் கிடக்கக் கூடும். கீறலும் பூஞ்சணமும் அவற்றை முந்திக்கொள்ளுமுன், எடுத்துத் துடைத்து, மறுபக்கத்தையும் ஒருமுறை ஒலிக்கவிடுதல் நன்று.