குழாயடி

சென்னையின் தண்ணீர் வரலாறு பொதுவில் தொடங்கவில்லை. 1772ல் தோண்டிய ஏழு கிணறு கோட்டைக்குள் இருந்த கம்பெனிக்காரர்களுக்கானது. மற்றவர்களுக்குக் குளமும் கிணறும். யார் எந்தக் கிணற்றில் இறைக்கலாம் என்பதை ஜாதி தீர்மானித்தது.

1872ல் செங்குன்றம் ஏரித் தண்ணீர் திறந்த கால்வாய் வழியே கீழ்ப்பாக்கம் வந்தது. 1914ல் அங்கே மணல் வடிகட்டிகள் அமைந்தன. கொள்ளைநோய்க்கு அஞ்சிய ஒரு நிர்வாகத்தின் தற்காப்பு அது. கருணை என்று சொல்வதற்கில்லை. ஆனால் அதன் உபவிளைவாகத் தெருக்குழாய் என்றொரு விசித்திரம் நிகழ்ந்துவிட்டது. கிணற்றுக்குச் சொந்தக்காரன் உண்டு. குழாய்க்கு வரிசை மட்டுமே. குழாயடிச் சண்டையைக் கேலி செய்தே பழகிய நம் ஹாஸ்ய எழுத்தாளர்கள், ஒரே வரிசையில் நிற்பவர்களுக்குள்தான் அந்தச் சண்டை சாத்தியம் என்பதைக் கவனிக்கவில்லை.

பிறகு பூண்டி நீர்த்தேக்கம் 1944ல், குடிநீர் வாரியம் 1978ல். இவை ஆவணங்களில் உள்ளவை. உண்மையான மாறுதல் வீட்டுக்கு வீடு இறங்கிய ஆழ்குழாய்களில் நடந்தது. வசதியுள்ளவன் தன் மனைக்கடியில் தனக்கென்று ஓர் ஏரி வைத்துக்கொண்டான். நிலத்தடி நீருக்கு வேலி கிடையாதாகையால் அடுத்த வீட்டுக் கிணறும் வற்றியது. 1987ல் இதை ஒழுங்குபடுத்தச் சட்டம் வந்தது. தண்ணீர் லாரிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970ல் வெளியிட்ட நூலில் நைஜீரிய ரயில்வேயைப் பற்றி ஓர் அவதானிப்பு உண்டு. லாரிகளின் போட்டி ரயில்வேயைத் திருத்தவில்லை. கூச்சல் போடக்கூடிய வாடிக்கையாளர்கள் லாரிக்குப் போய்விட்டதால் சீர்கேடு நிர்வாகத்துக்கு உறைக்கவே இல்லை. நம் குழாய்க்கு நேர்ந்ததும் இதுதான் என்று நினைக்கிறேன். மனு எழுதத் தெரிந்தவன் கேனுக்குப் போய்விட்டான். (நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளையிலும் 20 லிட்டர் கேன்தான். குழாய்த் தண்ணீர் கை கழுவ.) மீந்தவர்கள் குடத்தோடு நின்றார்கள், அவர்களுடைய குரல் அலுவலகங்களில் மனுவாகாமல் வெறும் சத்தமாகவே கேட்டது.

2003-04 வறட்சியில் குழாய்கள் மாதக்கணக்கில் காய்ந்தன. 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது ஆழ்குழாய்களும் கைவிட்டன. லாரிக்குப் பணம் இருந்தும் முறைக்குக் காத்திருக்க நேர்ந்தது. அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. வில்லிவாக்கத்தில் இறக்கி, அதே கீழ்ப்பாக்கம் நிலையத்துக்குத்தான் அனுப்பினார்கள்.