வாரண்டி இல்லாத பெட்டி

எங்க செம்பாக்கம் வீட்டுல ரெண்டு பாட்டுப்பெட்டி இருக்கு. ஒண்ணு, 1988ல அப்பா பர்மா பஜார்ல வாங்கின ஜப்பான் டூ-இன்-ஒன். இன்னொண்ணு, நான் ரெண்டு மாசச் சம்பளத்தைக் கொட்டி வாங்கின ஹோம் தியேட்டர். இப்போ பாடுறது எதுன்னு நினைக்கிறீங்க? :-)

அப்பா பெட்டிக்கு பில்லும் கிடையாது, வாரண்டியும் கிடையாது. அதுக்குப் பின்னாடி ஒரு சரித்திரம் இருக்கு. 1962ல பர்மாவுல நெ வின் ராணுவ ஆட்சி வந்துச்சு. அடுத்து கடைகண்ணியை எல்லாம் அரசுடைமை ஆக்கினாங்க. தலைமுறை தலைமுறையா அங்க இருந்த தமிழர்கள் எல்லாத்தையும் விட்டுட்டு கப்பலேறினாங்க. அப்படி வந்தவங்க பிழைப்புக்காக 1969ல உருவான கடைவரிசைதான், பீச் ஸ்டேஷனுக்கு எதிர்ல இருக்கிற பர்மா பஜார். 1991க்கு முன்னாடி வெளிநாட்டு எலக்ட்ரானிக்ஸ் இறக்குமதிக்கு ஏகப்பட்ட கட்டுப்பாடு. அதனால ஜப்பான் செட் வேணும்னா தாம்பரத்துல ரயிலேறி அங்கதான் போகணும். கேசட் போட்டுக் காட்டுவாங்க. வாங்கிட்டு வெளிய வந்தா உங்க பாடு! நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986லயே வந்துடுச்சு, ஆனா பில் இல்லாம எங்க போய் நிக்கிறது?

அப்போ வாரண்டி எங்க இருந்துச்சு? ரிச்சி தெருவுல.

ஆடியோ சாமான்ல சீக்கிரம் சாகிறது சில பாகங்கள்தான். கேசட்டைச் சுத்துற ரப்பர் பெல்ட் தளர்ந்துடும், பாட்டு இழுக்கும். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் உள்ளுக்குள்ள காய்ஞ்சுடும். விலை உசந்த ஸ்பீக்கர்லகூட, கோனைச் சுத்தி ஃபோம் வளையம் இருந்தா 15-20 வருஷத்துல பொடிப்பொடியா உதிர்ந்துடும். ஆனா காந்தமும் காயிலும் கல்லு மாதிரி இருக்கும். அப்பா இதுவரைக்கும் பெல்ட்டை மூணு தடவை மாத்தியிருக்காரு. நாலு ஸ்க்ரூ, அரை மணி நேரம், அவ்ளோதான்.

என்னோடதுக்கு ஒரு வருஷ வாரண்டி. பதினாலாவது மாசம் ஊமையாயிடுச்சு. "போர்டையே மாத்தணும் சார், இந்த மாடலுக்கு போர்டு வர்றதில்ல"ன்னு சர்வீஸ் சென்டர்ல கையை விரிச்சுட்டாங்க. கம்பெனி பேரு எதுக்கு, விடுங்க.

அந்தக் காலம் பொற்காலம்னு சொல்ல வரலை. பில் இல்லாம வாங்கி ஏமாந்தவங்களும் உண்டு. ஆனா ஒண்ணு புரிஞ்சுது. வாரண்டி கார்டு முதல் வருஷத்துக்குத்தான் காவல். அதுக்கப்புறம் பெட்டியைக் காப்பாத்துறது கடையில கிடைக்கிற உதிரி பாகமும், அதை மாட்டத் தெரிஞ்ச ஒரு ஆளும்தான். அடுத்த தடவை "எத்தனை வருஷ வாரண்டி?"ன்னு கேட்கிறதோட நிறுத்தப் போறதில்ல. "அஞ்சு வருஷம் கழிச்சு பார்ட்ஸ் கிடைக்குமா?"ன்னும் கேட்கப்போறேன்.

உங்க வீட்டுலயும் இன்னும் பாடுற பழைய பெட்டி இருக்கா மக்களே?