சுரண்டப்பட்ட பெயர்

லத்தீனில் முழு பைபிளும் ஒரே நூலாகச் சேதமின்றிக் கிடைத்தவற்றுள் மிகப் பழையது அமியாட்டினுஸ் சுவடி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தோல் ஏடுகள். ஓர் ஆள் தூக்கத் திணறும் கனம். இத்தாலியின் அமியாட்டா மலை மடத்தில் இருந்து ஃப்ளாரன்ஸ் லாரன்சிய நூலகத்துக்கு வந்ததால், அதை இத்தாலியக் கைவேலை என்றே நெடுங்காலம் நம்பினார்கள். உண்மையில் அது பிறந்தது வட இங்கிலாந்தின் வேர்மத்-ஜாரோ மடத்தில். சாட்சி அதன் சமர்ப்பணக் கவிதையிலேயே இருக்கிறது. 'லாங்கோபார்டுகளின் பேதுரு' என்ற சொற்கள் சுரண்டிய தோல்மேல் எழுதப்பட்டவை. திருத்திய இடத்தில் யாப்பும் தட்டுகிறது. அடியில் மறைந்த பெயர் மடாதிபதி செயோல்ஃப்ரித் என்று 1880களில் அறிஞர் டே ரோஸ்ஸி ஊகித்தார். செயோல்ஃப்ரித்தின் பழைய வாழ்க்கை வரலாற்றில் அதே கவிதை இருப்பதை இன்னோர் அறிஞர் ஹோர்ட் சுட்டிக்காட்ட, ஊகம் உறுதியானது. 716இல் இந்நூலைப் போப்பாண்டவருக்குக் காணிக்கையாக்கப் புறப்பட்ட செயோல்ஃப்ரித், வழியில் லாங்ரெ நகரில் இறந்தார்.

எழுத்தும் ஓவியமும் அசல் இத்தாலியப் பாணி ஆயிற்றே, எழுதியவர்களாவது இத்தாலியர்களாக இருக்கக் கூடாதா என்று கேட்கலாம். ஆனால் வேர்மத்-ஜாரோ மடம் ரோமிலிருந்து நூல்களை வரவழைத்து, அவற்றைப் பார்த்தே எழுதப் பழகியது. மேலும், செயோல்ஃப்ரித் எழுதுவித்தவை மூன்று பைபிள்கள். அதே கையெழுத்து மரபில் அமைந்த உடன்பிறப்பு ஏடுகள் சில, பழைய கணக்குப் பத்திரங்களுக்கு உறையாகக் கிடந்து இங்கிலாந்திலேயே அகப்பட்டன. விருந்தாளி எழுத்தர் ஒருவர் வந்துபோன கதைக்கு இவ்வளவு பெரிய பட்டறை பொருந்தாது. பாணி கற்றுக்கொண்ட இடத்தைச் சொல்லும். பிறந்த இடத்தைச் சொல்லாது.